இரண்டே போட்டியில் கதிரை போனவனுக்கு

அன்புள்ள மருமகன்,

உன்னோடு கதைக்க இரண்டு தரம் வீட்டுக்கு வந்தேன். இரண்டு தரமும் காதில் மாட்டினதைக் கழற்றாமல் "ம்" என்று மட்டும் சொன்னாய். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். எப்படியும் அக்கா சோறு போடும்போது வாசித்துக் காட்டுவா.

பள்ளிக்கூட முதலாம் கிரிக்கெட் அணிக்கு இரண்டு மெட்ச் விக்கெட் கீப்பராக நின்றாய். ஒன்றில் லேசான கெட்ச் ஒன்றை விட்டாய். மற்றதில் பைஸ், அதாவது உன்னைத் தாண்டிப் போன பந்தில் ஓடின ஓட்டம், மட்டும் பதினாலு போனது. மூன்றாவது மெட்சுக்குப் பெயர் இரண்டாம் அணிப் பட்டியலில். கிளவ்ஸைக் கிணற்றடியில் எறிந்துவிட்டுக் கேட்டாய்: "ரெண்டே ரெண்டு மெட்ச் மாமா, அதுக்குள்ள என்னத்தக் காட்டுற?"

நியாயமான கேள்வி. ஆனால் 2025 மார்ச்சில் ஃபோர்மியுலா வன் கார்ப் பந்தயத்தில் ரெட் புல் அணி லியாம் லோசனை இரண்டே போட்டியோடு இறக்கினபோது, என் கராஜில் டயர் மேல் குந்திக்கொண்டு "அவனுக்கு ஓடத் தெரியாது மாமா" என்று சிரித்தவனும் நீதான்.

அவன் கதையைக் கொஞ்சம் கேள். நியூசிலாந்துப் பொடியன். அவனைக் கார்ப் பந்தயக்காரனாக்கத் தாய் தகப்பன் வீட்டையே விற்றார்கள். 2023 இல் நெதர்லாந்தின் சண்ட்வோர்ட் ஓடுதிடலில், ரெட் புல்லின் சின்ன அணியில் ஓடின டேனியல் ரிக்கார்டோவுக்கு வெள்ளிக்கிழமை கை முறிய, சனிக்கிழமை இவனைக் காரில் ஏற்றினார்கள். ஐந்து போட்டி ஓடினான். சிங்கப்பூரில் ஒன்பதாவதாக வந்தான். ரிக்கார்டோவுக்குக் கை சுகமானதும் இவன் திரும்பவும் மாற்று வீரர் வாங்கில். பிறகு ஒரு வருசம் காத்திருந்து, 2025 இல்தான் பெரிய அணியில், அதன் நட்சத்திரம் மெக்ஸ் வெர்ஸ்டப்பனுக்குப் பக்கத்துக் கதிரை கிடைத்தது. மெல்பனும் ஷங்ஹாயும் அவன் அதுவரை போட்டி ஓடியே இராத திடல்கள். மெல்பனில் தகுதிச்சுற்றில் பதினெட்டாவதாக வந்து, போட்டியில் மழையில் மோதினான். ஷங்ஹாயில் ஒரேயொரு மணித்தியாலப் பயிற்சி, சின்னப் போட்டிக்கும் பெரிய போட்டிக்கும் வைத்த தகுதிச்சுற்று இரண்டிலும் கடைசி. போட்டியில் பன்னிரண்டாவது என்று பதிவானதும் மூன்று கார்களைத் தகுதிநீக்கினதால்தான். மார்ச் 27, கதிரை போனது. இரண்டு கிழமை கூட முழுசாக இல்லை.

இப்போது கராஜ்காரன் கதைக்கு வருவோம். போன வருசம் மோட்டோகுரொஸ் ஓடுகிற ஒருவன் தன் பைக்கை என்னிடம் விட்டுப் போனானே, ஞாபகம் இருக்கா? முன் ஃபோர்க் கல் மாதிரி இறுக்கம். பிரேக் லீவர் ஒரு விரல் பட்டாலே பிடிக்கும். அவன் ஏறினால் பைக் பறக்கும். வேலை முடிந்து ட்ரையல் பார்க்க நான் ஏறினேன். கல்லடிப் பாலத்தில் ஏற முதலே, ஒரு நாய் குறுக்கே வர, பழக்கத்தில் நாலு விரலாலும் அமத்தினேன். முன் சில்லு நின்றது, நான் நிற்கவில்லை. முழங்காலில் தோல் போனது. இருபது வருசமாகப் பைக் திருத்துகிறவன் நான். எனக்கும் ஓடத் தெரியாதா?

அந்த ரெட் புல் காரும் அப்படித்தான். முன்பக்கம் திருப்பின உடனே கடிக்கும், பின்பக்கம் லூசாக அலையும். மெக்ஸுக்கு அது விருப்பம். மற்றவன் பின்பக்கம் எப்ப விடும் என்ற பயத்திலேயே வளைவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தயங்குவான். அங்கே அரைச் செக்கன் பிந்தினால் பத்து இடம் போய்விடும். இது என் கண்டுபிடிப்பில்லை. 2019 இல் பன்னிரண்டு போட்டியோடு இதே கதிரையிலிருந்து இறக்கப்பட்ட பியர் கஸ்லி, அடுத்த வருசம் இத்தாலியின் மொன்சாவில் அதே சின்ன அணியின் காரில் வென்றார். இறக்கிவிட்ட பெரிய அணி அன்று முதல் மூன்றிலும் இல்லை. லோசனின் கதிரைக்கு வந்த யூக்கி சுனோடாவுக்கு 22 போட்டி கொடுத்தார்கள். அவனும் தப்பவில்லை, 2026 க்குக் கதிரை கிடைக்கவில்லை. (எனக்கு யூக்கியை நினைத்தால்தான் கூட மனவருத்தம். அத்தனை போட்டி ஓடிவிட்டுப் போகிறவனிடம் "ரெண்டே ரெண்டா" என்று நீ கேட்ட கேள்வியும் இல்லை.)

உன்னை இறக்கின கோச் சேர் செய்தது சரியென்று சொல்ல வரவில்லை மனே. என்னைக் கேட்டால் இரண்டு மெட்ச் காணாது. ரெட் புல்லுக்கும் அது காணாது. ஆனால் லோசன் அடுத்த கிழமை வெள்ளிக்கிழமையே ஜப்பானின் சுசூகாவில் சின்ன அணியின் காரில் ஏறினான். அந்தப் போட்டியில் ஒன்றும் வெல்லவில்லை, பதினேழாவது. மொனாக்கோவில் எட்டு, ஒஸ்திரியாவில் ஆறு என்று மெல்ல மெல்ல வந்தான். செப்டெம்பரில் அசர்பைஜானின் பாக்கு நகரப் போட்டி. நாம் இரண்டு பேரும் ஞாயிறு பின்னேரம் நாலரைக்கு உன் போனில் பார்த்தோம், டேட்டா முடிந்து என் சிம்மை மாற்றினோம். மூன்றாவதாகத் தொடங்கி ஐந்தாவதாக முடித்தான். அவனுக்குப் பின்னால், அவனிடமிருந்து எடுத்த அதே ரெட் புல் காரில் யூக்கி. அதற்கும் பின்னால் மக்லாரன் அணியின் லாண்டோ நொரிஸ். இரண்டு பேராலும் முந்த முடியவில்லை. நீ கத்தின கத்தில் அடுத்த வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. அன்று "ஓடத் தெரியாது" என்று நீ சொல்லவில்லை.

கிணற்றடியில் கிடந்த கிளவ்ஸை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். அது உன் பெரியம்மா மகன் தந்தது, அவன் உன்னை விட ஒரு முழம் வளர்த்தி. உன் கை அதற்குள் தவளை மாதிரி நீந்துகிறது. விரல் நுனியில் ஒரு அங்குலம் வெறுமை, பந்து அதில் பட்டுத்தான் வழுகியிருக்கிறது. இதை உடனே சாட்டாகப் பிடிக்காதே, கெட்ச் விட்டது நீதான், கிளவ்ஸ் இல்லை. ஆனாலும் ஆட்டோ சீட் தைக்கிற பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்து, மணிக்கட்டுப் பட்டியை ஒரு துளை உள்ளே எடுத்து, விரல் நுனியில் ஸ்பொஞ்ச் வைத்துத் தைப்பித்திருக்கிறேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கிழிந்த இடத்தில் மூன்று சுற்று நைலோன் நூல். காசு வாங்க மாட்டேன் என்றார், நான் ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாம் அணிக்குச் சனிக்கிழமை மூன்று மணிக்குப் பயிற்சியாம், உன் கூட்டாளி சொன்னான். கிளவ்ஸ் கராஜில் கம்பிரசருக்கு மேல் ஆணியில் தொங்குகிறது. இரண்டரைக்கு முதல் வா. பெருவிரல் பக்கம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், போட்டுப் பார்த்துச் சொல்லு. காணாவிட்டால் அங்கேயே பிரித்துத் தைக்கலாம்.

மாமா