வீடு மாறினா பத்து நாளைக்குள்ள

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்க எல்லாரும் சுகம். நீங்களும் அம்மாவும் சுகம்தானே? பிசானத்துக்கு நாத்துப் பாவியாச்சுன்னு தம்பி சொன்னான். கன்னடியன் கால்வாயில தண்ணி தட்டில்லாம வந்துட்டா அம்மாவுக்குப் பாதிக் கவலை தீந்துரும்.

நாங்க நியூ ஜெர்சி மாநிலத்து எடிசன் ஊரை விட்டுட்டு பென்சில்வேனியா மாநிலத்துக்குக் குடி வந்தாச்சு. அட்டைப்பெட்டி பாதி இன்னும் பிரிக்கவே இல்ல. அன்னைக்கு போன்ல நீங்க, "குடியுரிமைக்கு எழுதிப் போட்ட பொறவு வீடு மாறுதியே, ஃபைல் என்ன ஆகும்? தபால் எங்க வரும்?"னு கேட்டிய. பதில் சொல்லதுக்குள்ள சின்னவ போனைப் பிடுங்கிட்டா. காலம்பூரா தபால் பட்டுவாடா பண்ணின உங்களுக்கு அரைகுறையாச் சொன்னா ஆகாது. அதான் உக்காந்து எழுதுதேன்.

இங்க அமெரிக்காவுல குடியுரிமை இல்லாத ஆள் யாரா இருந்தாலும், நிரந்தரமாத் தங்குததுக்கான கிரீன் கார்டு வச்சிருந்தாலும் சரி, வேலை விசால இருந்தாலும் சரி, வீடு மாறினா பத்து நாளைக்குள்ள குடியேற்றத் துறைக்குச் சொல்லியாகணும். தூதரக ஆட்கள் மாதிரி சில பேருக்குத்தான் விலக்கு. ஏஆர்-11னு ஒரு படிவம். கம்ப்யூட்டர்லயே போடலாம், காசு கிடையாது. பேரு, பிறந்த தேதி, கிரீன் கார்டுல இருக்க ஏ-நம்பர்ங்கிற பதிவு எண், பழைய விலாசம், புது விலாசம், அவ்வளவுதான் கேப்பாங்க. சொல்லாம விட்டா சட்டப்படி அபராதமும் 30 நாள் வரைக்கும் ஜெயிலும் உண்டு. நியாயமான காரணம் காட்ட முடியலன்னா நாட்டை விட்டு அனுப்பக்கூட அதுல இடம் இருக்கு. கேக்கதுக்கு எப்படி இருக்கு பாருங்க! ஊருல நான் வெளியேறி இத்தனை வருஷம் கழிச்சும் ரேஷன் கார்டுல என் பேரு ஜம்முனு உக்காந்திருக்கு.

குடும்பத்துக்கு ஒண்ணுன்னு போட முடியாது, தலைக்கு ஒண்ணு போடணும். நான், உங்க மருமக, பெரியவ மூணு பேருக்கும் தனித்தனியாப் போட்டேன். சின்னவளுக்கு மட்டும் வேண்டாம், அவ இங்க பிறந்ததால பிறப்பிலேயே இந்த நாட்டுப் பிரஜை. "நீங்கள்லாம் சொல்லணும், நான் சொல்ல வேண்டாம்"னு அக்காளைச் சீண்டிக்கிட்டே திரிஞ்சா. பெரியவளுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு.

உங்களுக்குப் பிடிச்ச சங்கதி ஒண்ணு சொல்லுதேன். 1940ல, ரெண்டாம் உலக யுத்த சமயத்துல, இந்த நாட்டுல இருந்த வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் பதிவு பண்ணணும்னு சட்டம் போட்டாங்க. அந்தப் பதிவு நடந்ததே தபாலாபீசுலதான். கைரேகை எடுத்ததும் தபாலாபீசு கிளார்க்குமாருதான். அப்புறம் வருஷா வருஷம் ஜனவரி மாசம், வீடு மாறினாலும் மாறாட்டாலும் விலாசத்தை எழுதிக் குடுக்கணும்னு வச்சிருந்தாங்க. 1981ல அதை எடுத்தாச்சு. இந்தப் பத்து நாள் கணக்கு மட்டும் 1952 சட்டத்துல இருந்து அப்படியே நிக்குது.

இப்ப அதே தபாலாபீசு இந்த விஷயத்துல கையை விரிச்சிட்டு. விலாசம் மாத்தச் சொல்லி அங்க எழுதிக் குடுத்தா சாதாரணக் கடிதங்களை ஒரு வருஷம் வரை புது வீட்டுக்குத் திருப்பி விடுவாங்க. ஆனா குடியேற்றத் துறை உறையை மட்டும் திருப்பி விட மாட்டாங்க, அனுப்பினவங்களுக்கே போயிரும். தபாலாபீசுல எழுதிக் குடுத்தாச்சேன்னு நிம்மதியா இருக்கவங்கதான் மாட்டிக்கிடுதாங்க.

நீங்களா இருந்தா "வீடு மாறிட்டார்"னு உறை மேல எழுதி அனுப்பிருப்பியளா? சைக்கிளை மிதிச்சு புது வீட்டுலயே கொண்டு குடுத்திருப்பிய. பத்தமடைக்கு ஒரு தடவை கொழும்புல இருந்து "கோரைக்குச் சாயம் காய்ச்சுத வீட்டுக்கு மேக்க"ன்னு மட்டும் எழுதி ஒரு கடிதம் வந்துச்சே. சாயம் காய்ச்சாத வீடு எது அந்தத் தெருவுலன்னு சிரிச்சிக்கிட்டே ஒவ்வொரு வளவாப் போயி ஆளைக் கண்டுபிடிச்சிய. இங்க மாடிப்படிக்குக் கீழ சுவத்துல வரிசையா இரும்புப் பெட்டி இருக்கு. தபால்காரர் ஒரே சாவியில முகப்பு மொத்தத்தையும் திறந்து, நம்பரைப் பாத்துப் பாத்துச் செருகிட்டு, பூட்டிட்டுப் போயிருதார். காதுல பாட்டுக் கேட்டுக்கிட்டே வேலை நடக்கு. அபார்ட்மெண்ட் நம்பர் இல்லன்னா உறை திரும்பிப் போகும். அவரைக் குத்தம் சொல்லி என்ன செய்ய? முந்நூறு வீட்டுக்கு ஒருத்தர்.

இப்ப நம்ம ஃபைலுக்கு வாரேன். விண்ணப்பம் போடும்போது அந்த மாநிலத்துல குறைஞ்சது மூணு மாசம் குடியிருந்திருக்கணும். நாங்க எடிசன்ல இருந்தபோதே போட்டாச்சு, கைரேகையும் அங்கயே எடுத்தாச்சு. போட்ட பொறவு மாநிலம் மாறினா தப்பில்ல. விலாசம் சொன்னதும் ஃபைலை இந்த மாநிலத்துல இருக்க பிலடெல்பியா ஆபீசுக்கு மாத்திருவாங்க. நேர்காணல் இனிமே அங்கதான். கொஞ்சம் தாமதமாகலாம், அவ்வளவுதான். ராதாபுரம் சித்தப்பா மகன் டெக்சாஸ்ல இருந்து கலிபோர்னியா போறதாச் சொன்னிய இல்லையா, அவன் இன்னும் விண்ணப்பம் போடல. போன பொறவு போடுததா இருந்தா அங்க மூணு மாசம் இருந்துட்டுத்தான் போடணும்னு சித்தப்பாகிட்ட சொல்லிருங்க.

இன்னொண்ணும் அவன்கிட்டச் சொல்லணும். காகிதத்துல ஏஆர்-11 எழுதித் தபால்ல போட்டா சட்டக் கடமை தீந்துரும், ஆனா நடந்துக்கிட்டிருக்க விண்ணப்பத்துல விலாசம் தானா மாறாது. அதைத் தனியாச் சொல்லணும். துறையோட இணையக் கணக்குல போய் மாத்தினா ரெண்டும் ஒருசேர முடிஞ்சிரும். இங்க பழக்கமான தென்காசிக்காரர் ஒருத்தர் காகிதத்தை அனுப்பிட்டு எல்லாம் முடிஞ்சதுன்னு இருந்துட்டார். நேர்காணல் கடிதம் பழைய வீட்டுக்குப் போயி, இவர் போகாததால ஃபைலை மூடி வச்சிட்டாங்க. ஒரு வருஷத்துக்குள்ள எழுதிக் கேட்டா திரும்பத் திறப்பாங்கன்னு யாரோ சொல்ல, பதறி அடிச்சு எழுதிப் போட்டு ஒருவழியா மீண்டார். இலவசமான இந்தப் படிவத்தைப் போட்டுக் குடுக்க நூறு டாலர் கேக்க ஆளும் இருக்கு. அவன் அப்படி யாருகிட்டயும் போயிராம இருக்கணும்.

எனக்கு இந்தச் சட்டத்து மேல முழுக் கோபம் கிடையாது. யாரு எங்க இருக்கான்னு தெரியாம ஒரு அரசாங்கம் எப்படிக் கடிதம் போடும்? ஆனா குடி வந்து அடுப்பு பத்த வைக்க முன்னாடி கணக்குச் சொல்லணும்கிறதும், அதுக்கு ஜெயிலைக் காட்டுததும் ரொம்பத்தான். ஓட்டல்ல பாத்திரம் கழுவுதவன், மாசத்துக்கு ஒரு அறை மாறுதவன், இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதவன் இந்தப் பத்து நாளை எங்க கண்டான்?

நேர்காணல்லயும் விலாசம்தான் முக்கியம். கடைசி அஞ்சு வருஷம் எந்தெந்த வீட்டுல எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைன்னு இடைவெளி இல்லாம எழுதிருக்கேன். வாடகை ஒப்பந்தம், கரண்டு பில் எல்லாம் ஒரு கோப்புல கிடக்கு. வரலாறு, அரசியல்ல 128 கேள்வி உண்டு. அதுல 20 கேப்பாங்க, 12 சொல்லிட்டாப் போதும். உங்க மருமக எனக்கு முன்னாடியே மனப்பாடம் பண்ணிட்டா.

அமெரிக்கப் பிரஜையா உறுதிமொழி எடுத்த நிமிஷமே நம்ம நாட்டுக் குடியுரிமை போயிரும். ரெண்டும் வச்சிக்கிட இந்தியாவுல சட்டம் கிடையாது. பாஸ்போர்ட்டை ஒப்படைச்சிட்டு, வெளிநாட்டுப் பிரஜையான இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்க ஓசிஐ அட்டை வாங்கிக்கிடுவேன். அதுல ஊருக்கு எப்ப வேணாலும் வரலாம், ஓட்டு மட்டும் கிடையாது. அதனால வாக்காளர் பட்டியல் சரிபாக்க ஆள் வந்தா என் பேரை எடுத்திரச் சொல்லுங்க. அம்மாகிட்ட இதைப் பையச் சொல்லுங்க.

மேலத்தெருக்காரங்க விக்கிற வயலை என் பேருல எழுதலாம்னு சொன்னிய. அது நடக்காது அப்பா. குடியுரிமை மாறினாத்தான் தடைன்னு இல்ல, வெளிநாட்டுல குடியிருக்க இந்தியனுக்கே விவசாய நிலத்தை விலைக்கு வாங்க அனுமதி இல்ல. வீடு, மனைன்னா வாங்கலாம். உங்க நிலம் வாரிசா வரதுக்கும் தடையில்ல. அந்த வயலை அக்கா பேருலயோ தம்பி பேருலயோ முடிச்சிருங்க, பணம் நான் அனுப்புதேன். பட்டா மாறினதும் ஒரு பிரதி அனுப்புங்க. புது விலாசம் தனித்தாள்ல இருக்கு, அபார்ட்மெண்ட் நம்பரைச் சேத்து எழுதச் சொல்லுங்க.

அன்புள்ள மகன்