நேர்காணலில் பாடம் ஒப்பிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நர்சிங் முடித்துவரும் பிள்ளைகள் பலருக்கு வார்டு வேலை நன்றாகவே தெரிகிறது, நேர்காணலில்தான் கோட்டைவிடுகிறார்கள். ஓய்வுபெற்ற பிறகு, தனியார் மருத்துவமனைகள் கூப்பிட்டால் தேர்வுக் குழுவில் போய் உட்காருகிறேன். அங்கே பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

"ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது நோயாளிக்குக் குளிர்நடுக்கம் வந்தால் என்னம்மா செய்வாய்?" என்று கேட்பேன். உடனே வகைகள், காரணங்கள், அறிகுறிகள் என்று புத்தகம் ஓட ஆரம்பிக்கும். அந்தப் பெண் முடிப்பதற்குள் பாதிப் பை உள்ளே போயிருக்கும்! முதலில் 'ரத்தத்தை நிறுத்துவேன்' என்று சொல்ல வேண்டாமா? பிறகு மற்றதெல்லாம் வரட்டும்: ஊசியை எடுக்காமல் டியூபை மட்டும் மாற்றி நார்மல் சலைன் விடுவது, டியூட்டி டாக்டரைக் கூப்பிடுவது, பி.பி., நாடி, காய்ச்சல் பார்ப்பது, பையின் எண்ணையும் குரூப்பையும் கேஸ் ஷீட்டோடு ஒத்துப்பார்ப்பது, பையை ரத்த வங்கிக்கு அனுப்புவது, நேரம் போட்டு எழுதிவைப்பது. வார்டில் கை போகும் வரிசையிலேயே பேச்சும் போனால் போதும்.

டாக்டரிடம் போனில் எப்படிச் சொல்வாய் என்பது அடுத்த கேள்வி. "சார், பேஷண்ட்டுக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்பவர்களே அதிகம். இப்போது என்ன ஆகிறது, எதற்காகச் சேர்ந்தவர், நான் பார்த்ததில் என்ன தெரிகிறது, உங்களிடம் என்ன கேட்கிறேன் என்று நான்கையும் சொல்லும் 'எஸ்பார்' முறையைக் கல்லூரியில் படித்தவர்கள்தான். பரீட்சையோடு விட்டுவிடுகிறார்கள். அதிலும் நான்காவதைச் சொல்ல ஒரே கூச்சம். "நீங்கள் உடனே வந்து பார்க்கணும் சார்" என்பதில் என்ன மரியாதைக் குறைவு?

பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் நேரே நரம்பில் போட்டால் இதயமே நின்றுவிடலாம். அப்படிப் போடச் சொன்னால்? "டாக்டர் சொன்னால் போடுவேன்" என்றால் நான் பேனாவை மூடிவிடுவேன். போடாமல் நிறுத்தி, அவரிடமே திரும்பக் கேட்டு, அப்போதும் சரியாகாவிட்டால் மேலதிகாரியிடம் சொல்கிற பெண்ணைத்தான் நம்பி நைட் டியூட்டி கொடுக்க முடியும்.

நோயாளிக்குப் போட்ட ஊசி தன் கையில் குத்திவிட்டால் என்றதும் விரலைப் பிதுக்கிக் காட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கவும் கூடாது. சோப்பு போட்டுத் தண்ணீரில் கழுவி, உடனே தெரியப்படுத்த வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. 72 மணி நேரம் தாண்டக் கூடாது. இந்த மணிக்கணக்கைச் சொல்லும் பிள்ளைக்கு நான் தாராளமாக மார்க் போடுவேன்.

குழுவில் என்னோடு உட்காருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ் மீடியத்தில் படித்த பெண் ஆங்கிலத்தில் திணறினால், தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். பாதிப் பேருக்குப் பதில் தெரிந்தே இருக்கிறது. "கல்யாணம் எப்போது?" என்ற கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
மதுரை.