நவம்பர் 28 அன்று நாட்டைவிட்டுப் போகாதீர்கள்

அல்பேனியாவுக்கு வேலைக்கும் படிப்புக்கும் புதிதாக வந்திருக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 28 கொடி நாள், 1912-ல் ஒட்டோமான் பேரரசிடமிருந்து அல்பேனியா சுதந்திரம் அறிவித்த நாள். 29 விடுதலை நாள், 1944-ல் நாஜி ஜெர்மானியரிடமிருந்து மீண்ட நாள். இரண்டும் அரசு விடுமுறை. சேர்ந்தாற்போல் லீவு கிடைத்ததும் கிரீஸ் பக்கம் ஒரு எட்டு போய்வரலாமா என்றுதான் தோன்றும். இந்த ஒரு முறை வேண்டாம். சுதந்திரம் அறிவிக்கப்பட்ட தெற்குக் கடலோர ஊரான வ்லோராவுக்குப் போங்கள், அதுவும் 27-ம் தேதி மாலையே.

திரானாவில் ஸ்கந்தர்பேக் சதுக்கமும் அன்று கொடியின் சிவப்பும் கறுப்புமாகத்தான் இருக்கும். ஆனால் டெல்லி குடியரசு நாள் அணிவகுப்பை மனதில் வைத்துக்கொண்டு பீரங்கியும் அலங்கார ஊர்தியும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ஒரு வீட்டு மாடத்தில் ஒருவர் ஒரு துணியை உயர்த்திப் பிடித்தார். அதை நினைக்கிற நாள் இது. அந்த வீடு இருந்த இடத்தில் போய் நின்றால்தான் விஷயம் எவ்வளவு சிறியது, எவ்வளவு துணிச்சலானது என்று பிடிபடும்.

1912 அக்டோபரில் பால்கன் போர் மூண்டது. செர்பிய, கிரேக்க, மாண்டினீக்ரோ படைகள் அல்பேனியர்கள் வாழ்ந்த பகுதிகளுக்குள் வந்துகொண்டிருந்தன. ஒட்டோமான் அரசு கைவிட்டுப் போகும் நிலத்தை அக்கம்பக்கத்தவர் பங்கு போட்டுக்கொள்ளும் முன் ஏதாவது செய்தாக வேண்டும். சுதந்திர இயக்கத் தலைவரான 68 வயது இஸ்மாயில் கெமாலி கடல்வழியாகத் துர்ரஸ் வந்து, அங்கிருந்து வ்லோரா சேர்ந்தார். பிரதிநிதிகள் கூடினார்கள், கொடி ஏறியது. மறுநாளே துர்ரஸ் செர்பியப் படையின் கையில். இதைத் தெரிந்துகொண்டு போனால், அன்று பாடும் கிழவர்களின் முகத்தில் கொண்டாட்டத்தோடு வேறொன்றும் இருப்பது தெரியும்.

பிரகடனத்தின் பிரதி எங்காவது கண்ணில் பட்டால் தேதி வரியைப் பாருங்கள்: 15/28, 1328/1912. பதினைந்து பழைய ஜூலியன் கணக்கு, இருபத்தெட்டு இன்றைய கணக்கு, 1328 ஒட்டோமான் நிதியாண்டு. மாதத்தின் பெயர் நவம்பர் அல்ல, ‘மூன்றாம் இலையுதிர்’ என்ற நாட்டுப்புற வழக்கு. நான்கு உலகம் ஒரே வரியில் நெருக்கியடித்து நிற்கிறது. கீழே 40 கையெழுத்துகள். சாரம் ஒற்றை வாக்கியம்தான்: அல்பேனியா இன்றிலிருந்து தன் காலில், சுதந்திரமாக. வல்லரசுகள் அதை ஏற்றது 1913 ஜூலையில், லண்டனில். அப்போது வரைந்த எல்லைக்கு வெளியே கொசோவோ உட்பட ஏராளமான அல்பேனியர்கள் நின்றுபோனார்கள்.

இனி நடைமுறை. திரானாவின் தெற்கு-வடக்குப் பேருந்து நிலையத்திலிருந்து வ்லோரா சுமார் 150 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். ‘ஃபுர்கோன்’ எனப்படும் வேன் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். விழா நாள் காலையில் கிளம்பலாம் என்று இருந்தால் இரண்டு இடத்தில் மாட்டுவீர்கள்: ஊர் நுழைவில் வண்டி வரிசை, அதைத் தாண்டினால் சதுக்கத்தைச் சுற்றி அடைத்த தெருக்கள். அரச மரியாதை, மலர்வளையம் எல்லாம் காலையிலேயே முடிந்துவிடும். மாலையில் நாலே காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், படம் எடுப்பவர்கள் அதையும் கணக்கில் வையுங்கள்.

நவம்பர் அங்கே மழைக்காலத்தின் உச்சம். கூட்டத்தில் குடை விரித்தால் பின்னால் நிற்பவர் திட்டுவார், நியாயம்தான். ரெயின்கோட்டும் வழுக்காத செருப்பும் போதும்.

கொடிச் சதுக்கத்தில் 17 மீட்டர் உயர வெண்கல நினைவுச்சின்னம், 1972-ல் மூன்று சிற்பிகள் செய்தது. உச்சியில் கொடியேந்தி நிற்பவர் கெமாலி அல்ல, அவர் கீழே கூட்டத்தின் நடுவில் இருக்கிறார். கெமாலியின் கல்லறையும் பக்கத்திலேயே. பலர் குழம்பும் இடம் இன்னொன்று: துறைமுகம் பக்கம் இருக்கும் சுதந்திர அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு ‘இங்கேதான் கொடி ஏறியது’ என்று படம் போடுவார்கள். அது முதல் அரசின் அலுவலகம் இயங்கிய கட்டடம், அதற்கு முன் கடல்வழி வருவோரைத் தனிமைப்படுத்திய மருத்துவமனை. கொடி ஏறிய வீடு இப்போது இல்லை.

தெருவோரத்தில் கொடி, மப்ளர், வெள்ளைக் கம்பளித் தொப்பி எல்லாம் விற்பார்கள். விலை கேட்டதும் மலைக்காதீர்கள். 1965-ல் பத்து பழைய லெக் (இங்குள்ள நாணயம்) ஒரு புதிய லெக் ஆனது. வாய் மட்டும் இன்னும் மாறவில்லை. ‘ஐயாயிரம்’ என்றால் பெரும்பாலும் 500 லெக். சந்தேகமிருந்தால் நோட்டைக் காட்டிக் கேளுங்கள். அவர் தலையாட்டுவதை வைத்து முடிவு செய்யவும் வேண்டாம். பழைய வழக்கப்படி இங்கே பக்கவாட்டில் ஆட்டினால் ஆம், மேலும் கீழும் என்றால் இல்லை. நாம் ஆட்டும் ஆட்டம் அவர்களுக்கு ‘ஆம்’ என்றே படும், பேரம் பேசும்போது கழுத்தைக் கொஞ்சம் கட்டுப்படுத்துங்கள். வாயால் ‘போ’ என்றால் ஆம், ‘யோ’ என்றால் இல்லை. யாராவது ‘போ’ என்றால் கோபித்துக்கொண்டு போய்விடாதீர்கள்!

அல்பேனியக் கொடியில் இருப்பது இரட்டைத் தலைக் கழுகு. பழம்பொருள் கடையில் அந்தக் கழுகின் தலைக்குமேல் நட்சத்திரம் உள்ள கொடி கிடைக்கும். அது கம்யூனிஸ்ட் காலத்தது. நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ளலாம், அன்று தெருவில் அசைத்துக் காட்டக் கூடாது. இரு கைகளையும் நெஞ்சருகே குறுக்கே வைத்து, கட்டைவிரல்களைக் கோத்து, மற்ற விரல்களை விரித்தால் இரட்டைத் தலைக் கழுகு. இங்கே அது அன்பு. செர்பியாவில் அது சீண்டல். 2018 உலகக் கோப்பையில் செர்பியாவுக்கு எதிராக கோல் போட்டு இந்தச் சைகை காட்டிய சுவிட்சர்லாந்து அணியின் அல்பேனிய வம்சாவளி வீரர்கள் ஜாக்கா, ஷாகிரி இருவருக்கும் தலா 10,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் விழுந்தது.

கூட்டத்தில் கொசோவோக்காரர்களும் இருப்பார்கள். ‘உங்கள் நாட்டுக் கொடி நீலம்தானே, ஏன் சிவப்பு?’ என்று கேட்டுவைக்காதீர்கள். 28 அவர்களுக்கும் கொடி நாள்தான். 1944-ல் நாடு விடுதலையானது 28-ம் தேதியா 29-ம் தேதியா என்ற வாதத்திலும் தலையிட வேண்டாம். அது இங்கே கட்சிச் சண்டை.

மாலையில் மேடைக் கச்சேரியைவிட உணவகத்து மேசைப் பாட்டுதான் எங்களுக்குப் பெரிதாகப்படுகிறது. வ்லோரா சுற்றுவட்டாரமான லாபெரியாவின் பல்குரல் பாட்டு: ஒருவர் எடுப்பார், இன்னொருவர் பதில் கொடுப்பார், மற்றவர்கள் ஒரே சுருதியைப் பிடித்திருப்பார்கள், நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதைப் போல. வாத்தியம் கிடையாது. நடுவில் கைதட்டினால் ஒத்து அறுந்துபோகும், முடியும்வரை பொறுங்கள். கேட்காமலே ராக்கி என்ற பழச் சாராயம் வரும். ஒரே மடக்கில் கவிழ்ப்பதல்ல, துளித்துளியாக உறிஞ்சுவது. குடிக்காதவர்கள் நெஞ்சில் கை வைத்துத் தலை சாய்த்தால் போதும், யாரும் வற்புறுத்தமாட்டார்கள். ‘கெஸுவார் ஃபெஸ்தன்’ என்று மட்டும் சொல்லிவிடுங்கள், பண்டிகை வாழ்த்து.

வாங்கிய கொடியை வீட்டு பால்கனியில் கட்டினால், கழுகின் தலைகள் மேலே இருக்கட்டும். 29 காலையில் அவசரமாக அவிழ்க்க வேண்டாம், அக்கம்பக்கத்தில் ஒருவரும் அவிழ்த்திருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்களுக்குச் சில ஆண்டுகள் முன்னால் வந்து சேர்ந்தவர்கள்,
திரானா