மாமனாரின் படகுக்குக் கை கொடுத்த உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற சனிக்கிழமை விடியற்காலை என் மகனும் அவனுடைய லோலோவும் மறுபடி கடலுக்குப் போனார்கள். இங்கே பிலிப்பைன்ஸில் தாத்தாவை லோலோ என்பார்கள். ஒன்பது மணிக்குக் கரை திரும்பியபோது வாளியில் ஆறு விளமீனும் கொஞ்சம் ஓரா மீனும் இருந்தன. அதைப் பார்த்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஊர்க்காரர்களுக்கான நன்றியை மகன் விசாய மொழியில் எழுதி மாதா கோவில் வாசலில் ஒட்டிவிட்டான். சிங்கப்பூரில் என்னோடு தங்கியிருந்த தோழிகளுக்கும், தூத்துக்குடியில் என் தம்பியின் கூட்டாளிகளுக்கும் இது என் நன்றி. புயலில் போன மாமனாரின் படகுக்குப் பதில் புதுப் படகு கட்ட நீங்கள் அனுப்பிய பணம் எங்கே போய்ச் சேர்ந்தது, உங்களோடு சேர்ந்து இங்கே யாரெல்லாம் தோள் கொடுத்தார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நாங்கள் இருப்பது பிலிப்பைன்ஸின் பொஹோல் தீவில், தூபிகோன் பக்கத்தில் ஒரு கடலோர ஊர். எதிரே தனாஹோன் திட்டு, இரண்டு வரிசையாகக் கிடக்கும் பவளப்பாறை. என் கணவருக்குக் கப்பலில் வேலை, அதனால் வீட்டில் மாமனார், மாமியார், நான், மகன். 2020 மார்ச்சில் இங்கே பள்ளிகளை மூடினார்கள். அப்போது அவனுக்கு ஏழு வயது. அதற்கப்புறம் படிப்பு என்பது அச்சடித்த பாடத்தாள்தான். தாளை முடித்தால் கடல் என்று மாமனார் பேரனிடம் பேசி வைத்துக்கொண்டார்.

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கற்றுக்கொடுத்தது எல்லாம் கையால்தான். தங்கூஸ் நரம்பை, அதாவது தூண்டிலுக்கான நைலான் இழையை, பழைய தண்ணீர் பாட்டிலில் சுற்றி வைத்திருப்பார்கள். மீன் இழுக்கும்போது நரம்பு விரலை அறுக்காமல் இருக்க, சைக்கிள் ட்யூபில் வளையம் வெட்டி ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொள்வார்கள். பேரனின் விரல் வளர வளர அவர் புது வளையம் வெட்டிக் கொடுத்தார். ஈயக்குண்டு தரையைத் தொட்டதும் நரம்பு தளரும். அங்கிருந்து ஒரு முழம் தூக்கிப் பிடித்து அசையாமல் இருக்க வேண்டும். "தண்ணீரைப் பார்க்காதே, விரலால் கேள்" என்பார். ஓரா கொறிக்கும், விளமீன் ஒரே வெட்டாக வெட்டி இழுக்கும். கண்ணை மூடிக்கொண்டு எந்த மீன் என்று சொல்லுகிற அளவுக்குப் பையன் தேறிவிட்டான்.

2021 டிசம்பர் 16 இரவு ஒடெட் புயல் வந்தது. நாடு முழுக்க நானூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். நாங்கள் எல்லோரும் உயிரோடு இருந்தோம், அதற்கு ஆண்டவனுக்கு நன்றி. தென்னையில் கட்டி வைத்த படகுதான் இல்லை. இரண்டு பக்கமும் மிதவையாகக் கட்டுவார்களே, காதிக் என்ற மூங்கில், அதில் ஒன்று மட்டும் சேற்றில் கிடைத்தது. மாமனார் அதைத் தூக்கி வந்து வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தார். அப்புறம் கடற்கரைப் பக்கமே போகவில்லை. பையன் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நரம்பை அவிழ்ப்பான், சுற்றுவான், அவர் முகத்தைப் பார்ப்பான். அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

முதலில் வந்தவர் எங்கள் ஊர்த் தச்சர். அவர் வீட்டுக் கூரையே போய், தார்ப்பாய்க்குக் கீழே குடும்பம் இருந்தது. "மரம் வாங்கிக் கொடுங்கள், கூலி பற்றிப் பேச வேண்டாம்" என்றார். புயலுக்குப் பிறகு பிளைவுட் கிடைப்பதே பெரிய பாடாக இருந்தது. கடைசியில் செபு நகரத்திலிருந்து வரவழைத்தோம். அந்தப் பிளைவுட், அடிக்கட்டை மரம், பசை, பெயின்ட், ஆணி, எல்லாமே உங்கள் பணம்தான். ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் உங்களில் ஒருவர்கூடக் கணக்கு கேட்கவில்லை.

இன்ஜினுக்கு என்ன செய்வது என்று முழித்தபோது பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் வந்தார். கணவரை இழந்தவர். சாக்கில் சுற்றி வைத்திருந்த கணவருடைய படகு இன்ஜினைக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் வைத்தார். "சும்மா இருந்து துருப்பிடிக்கிறதைவிட இந்தச் சத்தத்தைத் தினமும் கேட்டால் எனக்கு நன்றாக இருக்கும்" என்றார். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தினம் ஒரு பங்கு மீன் அவர் வீட்டுக்குப் போகிறது. அது நன்றிக்கு ஈடாகாது.

மூங்கில் கொடுத்த அண்ணன்மாருக்கும், இரவெல்லாம் உட்கார்ந்து காதிக்கை நைலான் கயிற்றால் கட்டிய இளைஞர்களுக்கும், தினமும் சோறு ஆக்கி அனுப்பிய பெண்களுக்கும் நன்றி. அவர்கள் அனுப்பிய மீன் ரசத்தில் மிதந்தது நம்ம முருங்கைக் கீரை. இங்கே அதற்கு மலுங்காய் என்று பெயர்.

படகைக் கடலில் இறக்கிய அன்று பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். அந்தக் காலத்தில் ஒரு வீட்டையே மூங்கிலில் ஏற்றி ஊர் கூடித் தோளில் சுமந்து இடம் மாற்றுவார்களாம். பயனிஹான் என்பார்கள். படகும் அப்படித்தான் போனது. மாமனாரும் ஒரு முனையைப் பிடித்தார். சுவரில் சாய்ந்திருந்த பழைய காதிக்கையே இடது பக்கம் கட்டச் சொல்லியிருந்தார். தண்ணீரில் மிதந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சைக்கிள் ட்யூப் வளையத்தை எடுத்துப் பேரனின் விரலில் மாட்டிவிட்டார். அளவு சரியாக இருந்தது. எப்போது வெட்டினார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஜூலையில் கணவரின் கப்பல் சிங்கப்பூர் வருகிறது. தோழிகளே, உங்களுக்கு ஓராக் கருவாடு கொடுத்தனுப்புகிறேன். பிளந்து உப்பிட்டுக் காயவைத்தது என் மகன். எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து, வினிகரில் தொட்டுச் சாப்பிடுங்கள். தம்பியின் கூட்டாளிகளுக்கான பங்கைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன், ஊருக்கு வரும்போது நானே கொண்டுவருகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் தோழி