செயலாளரின் ஆண்டறிக்கை: ஏய்ப்பவன் என்று பெயர் வாங்கிய ஈ

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அம்மாவுக்கும், மழையோடு மழையாக வந்து சேர்ந்த உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு முழுக்க ஒரே பூச்சியை எடுத்துப் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். வண்ணத்துப்பூச்சிதான் வேண்டும் என்று பாதிப் பேர், தும்பி என்று மீதிப் பேர். சீட்டுக் குலுக்கியதில் வந்ததோ யாரும் கேட்காத மிதவை ஈ, காற்றில் ஓரிடத்திலேயே மிதந்து நிற்கும் பூ ஈ. அதிலும் ஸ்காட்லாந்தின் பைன் காட்டு ஈ! சீட்டில் அதை எழுதிப் போட்டவன் நானே என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

முதல் இரண்டு கூட்டமும் 'தேனீயா, ஈயா' என்பதிலேயே போயின. ஓர் உறுப்பினர் கொத்தமல்லிப் பூவில் எடுத்த 'தேனீ' படத்தைக் காட்டினார். இறக்கையை எண்ணச் சொன்னேன். தேனீக்கு நான்கு, ஈக்கு இரண்டு. பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போல ஒரு குமிழ். இறக்கையின் நடுவில் எந்த நரம்போடும் ஒழுங்காகச் சேராமல் ஒரு போலி நரம்பும் ஓடினால் அது மிதவை ஈ என்று துணிந்து சொல்லலாம். அந்தப் படத்தில் போலி நரம்பு நன்றாகவே தெரிந்தது. உலகில் சுமார் 6,000 இனங்கள் கொண்ட சிர்ஃபிடே குடும்பம் இது. நம் நாட்டு இனங்களைப் பூச்சியியலாளர் புருனெட்டி 1923-ல் ஒரு தொகுதியில் தொகுத்தார். அதன் நகலை நூலக அலமாரியில் வைத்திருக்கிறோம்.

நம் ஈயின் பெயர் பிளெரா ஃபாலக்ஸ். 1758-ல் லின்னேயஸ் இதை மஸ்கா ஃபாலக்ஸ் என்றார். அன்று பலவகை ஈக்களுக்கும் மஸ்கா என்ற ஒரே கூரைதான். பில்பெர்க் 1820-ல் பிளெரா என்ற பேரினத்தை அமைத்தார். பழைய பிரிட்டிஷ் நூல்களில் இதையே சைனோரைனா என்று தேட வேண்டும். பட்டா எத்தனை கை மாறினாலும் ஊர்ப்பெயர் மாறாதது போல ஃபாலக்ஸ் மட்டும் நிலைத்தது. இலத்தீனில் 'ஏய்ப்பவன்' என்று பொருள். கறுப்பு உடல், வயிற்றின் நுனி மட்டும் சிவப்பு கலந்த ஆரஞ்சு. அவசரத்தில் பார்ப்பவர் ஏமாறத்தான் செய்வார்.

இனி நாங்கள் அதிகம் பேசியது. இந்த ஈயின் வாழ்க்கை ஒரு பூஞ்சையைப் பிடித்துத் தொங்குகிறது. பேயோலஸ் ஷ்வைனிட்சி என்ற பூஞ்சை, வயதான பைன் மரத்தின் வைரத்தை, அதாவது நடுக்கட்டையை, உள்ளிருந்தே அரிக்கும். மரம் விழுந்தோ வெட்டுப்பட்டோ போன பிறகு, அடிக்கட்டையின் நடுப்பகுதி மெத்தென்று குழிந்து மழைநீர் தேங்கும். அந்தப் பழுப்புக் கூழில்தான் புழு வளர்கிறது. பின்பக்கத்து மூச்சுக்குழலை நீர்மட்டத்துக்கு நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டு, நீரிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிறது. வளர ஓராண்டு, சில நேரம் இரண்டாண்டு. வசந்தத்தில் நீரைவிட்டு வெளியேறிக் கூட்டுப்புழுவாகிறது. கோடையில் சில வாரங்கள் மட்டும் ஈயாகப் பறக்கிறது. மரத்தை இளமையிலேயே வெட்டிவிடும் தோட்டக்காட்டில் வைரம் அழுக நேரமே கிடைப்பதில்லை. ஈ குறைந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஓய்வு பெற்ற வனவர் ஐயா அன்று எழுந்து, "பட்டுப்போன மரம் காட்டுக்குக் குப்பை என்றுதான் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள்" என்றார். கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியானது. மின்சாரம் போனதும் அதே நேரத்தில்தான் என்பதையும் பதிவு செய்கிறேன்.

தலைவர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை பரவியிருக்கும் ஈயை அரியது என்று எப்படிச் சொல்வது? உண்மைதான். அரியது பிரிட்டனில், அங்கும் ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம்ஸ் மலைப்பகுதியில் ஒன்றிரண்டு இடங்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் மிதவை ஈக்களை மொத்தமாகப் பார்த்தாலும் நிலைமை தேறவில்லை. 2022-ல் வெளியான ஐரோப்பியச் சிவப்புப் பட்டியல், மதிப்பிட்ட 890 இனங்களில் 314 இனங்களை அழிவின் அச்சுறுத்தலில் வைத்தது.

என்னைக் கவர்ந்தது வேறு. ஸ்காட்லாந்தில் மலாக் சங்கம் என்று ஈப் பிரியர்களின் சிறு குழு ஒன்று உண்டு. 1988 முதல் அழுகிய மரங்களைக் குடைந்து புழுத் தேடியவர்கள். கிரகாம் ராதெரே, இயன் மெக்கோவன் போன்றோரின் அந்தத் தேடலால்தான், வலையில் சிக்காத ஈயைப் புழுவை வைத்துக் கணக்கிட முடிந்தது. அடிக்கட்டையில் சங்கிலி ரம்பத்தால் குழி வெட்டி, மரச்சிராய் அடைத்து, நீர் தேங்கவிட்டால் ஈ வந்து முட்டையிடும் என்பதும் தெரிந்தது. பிறகு ஸ்காட்லாந்து அரச விலங்கியல் சங்கம் தன் ஹைலேண்ட் வனவிலங்குப் பூங்காவில் புழுக்களை வளர்த்துக் காட்டில் விட்டது. 2022-ல் வளர்ந்த ஈ காட்டில் கண்ணில் பட்டது, ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குப் பின்.

மற்ற வேலைகள்: கொத்தமல்லி வயல் நடை இரண்டு முறை நடந்தது, இரண்டிலும் அசுவினி தின்னும் மிதவை ஈப் புழுவைப் பார்த்தோம். பள்ளிப் பிள்ளைகளுக்கான முகாம் மழையால் நடக்கவில்லை. கணக்கைப் பொருளாளர் அம்மா வாசிப்பார். வரும் ஆண்டு, மரப்பொந்துகளில் தேங்கிய நீரில் என்ன புழு இருக்கிறது என்று பார்த்துக் குறிப்பெடுக்கலாம் என முன்மொழிகிறேன். கொசுப்புழு கிடைத்தால் சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லிவிடுவோம். வால் போல மூச்சுக்குழல் நீண்ட புழு கிடைத்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்.

சங்கத்தின் பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடி இன்னும் திரும்பி வரவில்லை. வைத்திருப்பவர் இந்தக் கூட்டம் முடிவதற்குள் மேசைமேல் வைத்துவிட்டால் பெயர் கேட்க மாட்டேன்.