என்டுட்டுவிலிருந்து திரும்பிய பின்

அன்புள்ள நண்பா,

நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தான்சானியாவிலிருந்து திரும்பி மூன்று வாரமாகியும் எழுதாதது என் தவறுதான். ஆனால் வண்டிக்கு முன்பணம் கட்டிய பிறகு நீ வரவில்லை என்று சொன்னாயே, அந்த வருத்தம் ஆற எனக்கு அவ்வளவு நாள் பிடித்தது.

அருஷாவிலிருந்து காலையிலேயே புறப்பட்டோம். எம்டோ வா எம்பு என்ற ஊரில் செவ்வாழைத் தார்களைக் கண்டதும் கணக்குப்பிள்ளை வண்டியை நிறுத்தச் சொல்லி, விரல்களைக் காட்டியே பேரம் பேசி ஒரு சீப்பு வாங்கிவிட்டான். அவன் மாறவே இல்லை. காப்பகத்தின் நுழைவிடமான லோடுவாரே வாயிலோடு தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்குகிறது. அங்கிருந்து ஏறி, சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் என்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் பனிமூட்டத்தினூடே சென்று, மறுபக்கம் இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை என்டுட்டுவின் புல்வெளி.

அந்த மண்ணைப் பார்த்தபோதுதான் உன்னை மிகவும் நினைத்தேன். மேலே சாம்பல் நிறப் பொடியாக இருக்கிறது. குதிகாலால் சற்றுக் கிளறினால் கீழே சுண்ணாம்பு இறுகிய கெட்டித் தளம் தட்டுகிறது. அக்கம்பக்கத்து எரிமலைகள் காலங்காலமாகக் கக்கிய சாம்பல் படிந்து உண்டான தளம் அது. மர வேர்கள் அதைத் துளைக்க முடியாததால் குட்டைப்புல் மட்டுமே வளர்கிறது, அந்தப் புல்லில் கால்சியமும் பாஸ்பரசும் நிறைந்திருப்பதால் பால் சுரக்க வேண்டிய வில்டபீஸ்ட் என்னும் மறிமான் தாய்கள் பிப்ரவரியில் இலட்சக்கணக்கில் அங்கே வந்து கூடுகின்றன. மண்ணியல் வகுப்பில் நீ மட்டும் விழித்திருந்து கேட்ட பாடமடா இது! பெரும்பாலான கன்றுகள் மூன்றே வாரங்களுக்குள் பிறந்துவிடுவதால், கழுதைப்புலியும் சிங்கமும் எத்தனை தின்றாலும் மிச்சம் தப்பித்துவிடுகிறது.

ஒரு கன்று பிறப்பதை நாங்கள் கண்ணாரக் கண்டோம். ஈரம் சொட்டக் கீழே விழுந்தது; எழ முயன்று முன்னங்கால் மடங்கி, மூக்கு மண்ணில் இடித்தது; தாய் நக்கிக்கொண்டே நின்றது. நான்காம் முறை எழுந்து நின்றுவிட்டது. என் கடிகாரத்தில் எட்டு நிமிடம். இன்னும் சற்று நேரத்தில் தாயின் விலாவை ஒட்டி ஓடவும் தொடங்கிவிட்டது. வண்டிக்குள் ஒருவரும் பேசவில்லை. தொலைநோக்கி நெட்டையன் கையில் இருந்தது. கை நடுங்குகிறதென்று சொல்லி அதை என்னிடம் கொடுத்துவிட்டான். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிரவு கூடாரமடித்த இடத்தில் வேலி கிடையாது. கூடாரத்தைத் திறக்கும் முன் டார்ச்சைச் சுற்றிலும் அடித்து, மின்னும் கண்கள் தெரிகின்றனவா என்று பார்க்கச் சொல்லியிருந்தார் ஓட்டுநர். சிங்கத்தின் உறுமல் எட்டுக் கிலோமீட்டர் வரை கேட்குமாம். எங்களுக்குக் கேட்டது அருகிலா தொலைவிலா என்று தெரியவில்லை, நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்ந்தது. அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகு, நெருப்பருகே, நெட்டையன் தேநீர்க் குவளையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு சொன்னான்: நடுக்குவாதம் என்று ஆறு மாதத்துக்கு முன்பே மருத்துவர் சொல்லிவிட்டாராம். இந்த ஆண்டே போக வேண்டும் என்று அவன் ஏன் ஒற்றைக்காலில் நின்றான் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. உனக்குத் தொலைபேசியில் சொல்ல அவனால் முடியவில்லை. என்னை எழுதச் சொன்னான்.

உன்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த நெருப்போடு போயிற்று. வரும் வெள்ளிக்கிழமை வைகை விரைவு வண்டியில், நெட்டையனைப் பார்க்க மதுரைக்கு இரண்டு இருக்கைகள் பதிவு செய்திருக்கிறேன், ஒன்று உனக்கு. முழங்காலைக் காரணம் சொல்லாதே. எழும்பூரில் படியேற நான் கை கொடுக்கிறேன். அந்த மண்ணைப் பற்றி நீயே அவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமாம், நான் சொன்னது அவனுக்குப் போதவில்லை.

அன்புடன்,
உன் விடுதி அறைத் தோழன்