பன்னி பிடிக்கிற வண்டி மட்டும் போதாது, கக்கூஸும் மாத்திரையும் வேணும்

பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், சிவகங்கை
அனுப்புநர்: கல்லல் பக்கத்து கிராமத்து மக்கள்
பொருள்: நாடாப்புழுவால வர்ற வலிப்பைத் தடுக்கக் கோரி

கலெக்டர் அவர்களுக்கு வணக்கம். திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல குடுக்குற மனு இது, ஊர் குரூப்ல போட்டு எல்லாரும் படிச்சு சரின்னு சொன்னதுக்கு அப்புறம்தான் கொண்டாறோம், ஆபீஸ் பாஷையில இல்லன்னா பொறுத்துக்கங்க.

எங்க பக்கம் யாருக்காச்சும் வலிப்பு வந்தா இன்னமும் கையில சாவிக்கொத்தைத் திணிச்சுட்டு சுத்தி நின்னு வேடிக்கை பாக்குறதுதான் வைத்தியம். பத்தாவது படிக்கிற பையன் ஒருத்தன் ஸ்கூல் பிரேயர்லயே விழுந்தான், ஸ்கேன் எடுத்தா மூளையில புழுக்கட்டின்னு வந்துச்சு. அவங்க வீட்ல பன்னிக்கறி என்ன, கோழிமுட்டை கூட உள்ள வராது. அவன் அப்பத்தாவுக்கு இன்னும் நம்பிக்கையில்ல, யாரோ செய்வினை வச்சுட்டாங்கன்னு திருநீறு போட அலையுறாங்க.

விஷயம் இதுதான். சரியா வேகாத பன்னிக்கறியில இந்தப் புழுவோட கட்டி இருந்தா, தின்னவரோட குடல்ல நாடாப்புழு மீட்டர் கணக்குல வளரும், பெருசா தொந்தரவே தெரியாது, ஆனா அவர் மலத்தோட முட்டை முட்டையா வெளிய வந்துக்கிட்டே இருக்கும். அந்த முட்டை கீரை, தண்ணி, கழுவாத கை வழியா இன்னொருத்தர் வயித்துக்குள்ள போனாதான் மூளையில கட்டி. புழு இருக்குறவருக்கே கை சுத்தமில்லன்னா அவருக்கும் வரும். அதே மலத்தைத் தின்னுற பன்னிக்கும் கறியில கட்டி, அதாவது பன்னிக்கு நோயைக் குடுக்குறதே நாமதான். முட்டைக்கோஸ் புழு மூளைக்கு ஏறிடும்னு வாட்ஸ்அப்ல சுத்துதே, அது கோஸ் புழு இல்ல, இலையில ஒட்டுன இந்த முட்டைதான். இந்த நோய் பரவலா இருக்குற ஊர்கள்ல வலிப்புக்காரங்கள்ல 100-க்கு 30 பேருக்கு இதுதான் காரணம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.

எங்க ஊருணிக்கரைக்கு விடியக்காலையில வந்து பாருங்க. வெளிக்குப் போற ஆள் எந்திரிக்கிறதுக்குள்ள பின்னாடி பன்னி வந்து நிக்கும். அதே ஊருணியில கீரைக்கட்டை முக்கி எடுத்து சைக்கிள்ல வச்சு விக்கப் போவாங்க. பொதுக் கழிப்பறை இருக்கு, மோட்டார் ஓடாம பூட்டிக் கெடக்கு, புகார் சொன்னா ரெண்டு நாள் பன்னி பிடிக்கிற வண்டி வரும், அதோட சரி.

அதனால கேக்குறது: முதல்ல அந்தக் கழிப்பறைக்குத் தண்ணி. அப்புறம் வலிப்புக்குப் புழுக்கட்டிதான் காரணம்னு ஸ்கேன்ல உறுதியான வீடுகள்ல எல்லாருக்கும் மலப் பரிசோதனை, புழு இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துலயே நிக்ளோசமைடு மாத்திரை. ஸ்கூல்ல பிப்ரவரி, ஆகஸ்ட்ல குடுக்குற 400 மில்லிகிராம் பூச்சி மாத்திரை ஒண்ணைப் போட்டா மூளைக்கட்டி கரையும்னு ஜனங்க நெனைக்கிறாங்க, கரையாது. மூளையில கட்டி இருக்கும்போது டாக்டரைக் கேக்காம மெடிக்கல்ல வாங்கி முழுங்குனா வலிப்பு கூடிடவும் செய்யும், இதை செவிலியர் அக்காமார் வீடு வீடா சொல்லணும்.

கால்நடைத் துறை பன்னிகளுக்கு ஆக்ஸ்ஃபென்டசோல்ங்கிற புழு மருந்தும் இந்தக் கட்டி வராம இருக்கத் தடுப்பூசியும் போடணும், ஹைதராபாத்ல இருக்குற இந்தியன் இம்யூனலாஜிகல்ஸ் கம்பெனியே அந்த ஊசியைத் தயாரிக்குது. கறிக்கடையில அறுத்ததைப் பாத்து சீல் வைக்க ஆள் போடணும், கறியில அரிசி அரிசியா வெள்ளைக் கட்டி தெரிஞ்சா விக்க விடக்கூடாது. பன்னி வளக்குற குடும்பங்களை ஊரை விட்டு வெரட்டுங்கன்னு நாங்க கேக்கவே இல்ல, அவங்க பொழப்பு அது, பட்டி போட்டு வளக்க லோன் குடுத்தா பன்னி ஏன் ஊருணிக்கு வருது.

சுகாதாரத் துறையும் கால்நடைத் துறையும் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டாம, ஒரே நாள்ல ஆளுங்களை அனுப்பி எங்க ஊர்லேர்ந்து ஆரம்பிக்க உத்தரவு போடுங்க. வீடு வீடா கூட்டிட்டுப் போக எங்க பசங்க ரெடி, கையெழுத்துப் பட்டியல் பின்னாடி இணைச்சிருக்கோம்.

இப்படிக்கு,
ஊர் மக்கள்